எழுபதாவது வளைவு

அந்தக் காப்பு ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் நடந்ததைக் கேள்விப்பட்டவர்கள் எல்லோரும், "மெஷின் தப்பாக் காட்டிருச்சுங்களா மிஸ்?" என்றுதான் கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிடலாமா என்று எனக்கும் இரண்டொரு முறை தோன்றியதுண்டு. தலையாட்டியிருந்தால் அவர்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. சிவனறிய அது உண்மையில்லை.

என் பெயர் தெய்வானை. கொல்லிமலையில் பதினாறு வருடங்களாகக் குழந்தைகளுக்கான கோடை முகாம் ஒன்றை நடத்திவருகிறேன். வருடத்துக்கு ஒரு முறை, பத்து நாள், அறுபது குழந்தைகள். காரவள்ளி அடிவாரத்தில் வண்டி ஏறினால் உச்சி வரைக்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய மஞ்சள் பலகை நிற்கும். குழந்தைகள் ஒன்று, இரண்டு என்று கத்திக்கொண்டே வருவார்கள். முப்பத்தைந்தில் வண்டியை நிறுத்தி எல்லோருக்கும் தண்ணீர் கொடுப்போம். எழுபது வந்ததும் போடுகிற கூச்சலில் காட்டுக் குரங்குகள் மரம் மாறும்.

நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு குழந்தை ஓடைக்கரையில் வழுக்கி, பாறை இடுக்கில் ஒரு மணி நேரம் சிக்கிக்கொண்டாள். பயத்தில் அவளுக்குக் குரலே எழும்பவில்லை. கடவுள் புண்ணியத்தில் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் முகாமுக்குப் பணம் கொடுக்கும் அறக்கட்டளைக்காரர்கள் காப்பை வரவழைத்தார்கள்.

மணிக்கட்டில் மாட்டுகிற ரப்பர்ப் பட்டை. உள்ளே ஒரு நெல்மணி அளவுக்குக் கருவி. நாடியையும் வியர்வையையும் தோலின் சூட்டையும் வாசித்து, குழந்தை எவ்வளவு பயந்திருக்கிறது என்று சொல்லும். என் அறையில் ஒரு பெரிய பலகை, அதில் அறுபது விளக்குகள். பச்சை என்றால் நிம்மதி, மஞ்சள் என்றால் கலக்கம், சிவப்பு என்றால் பயம். ஒரு விளக்கு சிவந்த உடனே அந்தக் குழந்தை எங்கே நிற்கிறது என்பதும் தெரியும், ஓடிப்போய்த் தூக்கிவிடலாம். பட்டையிலேயே ஒரு விளக்கு உண்டு. ஒருவரை ஒருவர் கேலி செய்வார்கள் என்று முகாமில் மட்டும் அதை அணைத்து வைத்திருந்தோம். முகாம் முடிந்தும் ஒரு மாதம் காப்பு குழந்தையின் கையிலேயே இருக்க வேண்டும் என்று அதைச் செய்த கம்பெனியோடு ஒப்பந்தம். அதைக் கழற்றுகிற சாவி என் கழுத்துக் கயிற்றில்தான் தொங்கும்.

"எல்லாம் காட்டுமா தம்பி?" என்று முதல் நாளே கேட்டேன், கம்பெனியிலிருந்து வந்த நிவேதனிடம்.

"பயம் இருக்கான்னு காட்டும் மேடம். எதுக்குப் பயம்னு காட்டாது. அது அதோட வேலை இல்ல." பிறகு ஒரு அறிவுரையும் சொன்னான். "ஒண்ணே ஒண்ணு. 'பயமா இருக்கா'ன்னு பசங்ககிட்ட வாயால கேட்காதீங்க. கேட்டாலே ரீடிங் ஏறிடும். பயம் இல்லாத குழந்தையும் 'ஓ, இங்க பயப்பட ஏதோ இருக்கு போல'ன்னு நினைச்சுக்கும். நீங்க பலகையை மட்டும் பாருங்க."

நியாயமாகத்தான் பட்டது. கேட்காதே, பார். அதையே எங்கள் முகாமின் விதியாக எழுதி ஒட்டினோம்.

இன்னொரு விதியை நானே எழுதினேன். மூன்று நாள் தொடர்ந்து சிவக்கிற குழந்தையைத் திட்டாமல், அவமானப்படுத்தாமல், அன்போடு வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். நான் ஒன்பது வயதில் விடுதியில் சேர்க்கப்பட்டவள். வீட்டு நினைப்பில் ஒரு மாதம் தலையணை நனைய அழுதேன். யாரும் என்னைத் திருப்பி அனுப்பவில்லை. எனக்குக் கிடைக்காத கருணையை இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தச் சம்பவம் நடந்த வருடம் குமாரபாளையத்திலிருந்து நான்கு பிள்ளைகள் வந்திருந்தார்கள். அதில் ஒருத்தி சுபிக்ஷா, பத்து வயது. அப்பா இல்லை. அம்மா வளர்மதி மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். பெரியப்பா சதாசிவம்தான் வளர்க்கிறார். நூல் வியாபாரி, மனைவியை இழந்தவர், நெற்றி நிறையத் திருநீறு. பேசத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் "திருச்சிற்றம்பலம்" என்பார். குழந்தையை விட வந்தபோது எனக்கு ஒரு டப்பா பஞ்சாமிர்தம் கொடுத்தார். பார்த்த மாத்திரத்தில் அவர் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. சாமி கும்பிடுகிறவர் என்றால் பாதி விசாரணையை நான் விட்டுவிடுவேன். அந்தப் பழக்கம் எனக்கு இருந்தது.

முதல் நாள் காப்புக் கட்டும்போது சுபி கேட்டாள். "மிஸ், எங்க ஊர் மாரியம்மன் நோம்பிக்குக் காப்புக் கட்டுனா, அவுக்கற வரைக்கும் ஊர் எல்லையத் தாண்டக் கூடாது. இதுக்கும் அப்படித்தானுங்களா?"

"ஆமா கண்ணு, இதுக்கும் அப்படித்தான். பத்து நாளும் எங்கேயும் போகக் கூடாது" என்று விளையாட்டாகச் சொன்னேன்.

அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

பகலெல்லாம் அவள் விளக்கு பச்சைதான். மரம் ஏறினாள். ஓடையில் முதலில் காலை வைத்தவள் அவள்தான். ஒரு தவளையைப் பிடித்து வந்து அதற்கு 'கலெக்டர்' என்று பேர் வைத்தாள். மாலை ஐந்தரைக்கு வீட்டு மணி அடிக்கும். அப்போது ஒவ்வொரு குழந்தையும் மூன்று நிமிடம் வீட்டோடு பேசலாம். அந்த நேரத்தில் பலகையில் நிறைய விளக்குகள் மஞ்சளாகும், சில சிவக்கும். அம்மா குரல் கேட்டால் எந்தக் குழந்தைக்குத்தான் அழுகை வராது? பேசி முடித்து, சாப்பிட உட்கார்ந்ததும் எல்லாம் பச்சையாகிவிடும்.

சுபியின் விளக்கு மட்டும் ஐந்து மணிக்கே மஞ்சளாகும். மணி அடித்ததும் சிவக்கும். பேசி முடித்த பிறகும் ஒரு மணி நேரம் சிவந்தே இருக்கும். ஏன் முன்னாலேயே சிவக்கிறது, ஏன் பின்னாலும் இறங்கவில்லை என்று நான் யோசித்திருக்க வேண்டும். பாவம், வீட்டு மேல் அவ்வளவு ஆசை என்று நினைத்தேன். இரண்டாம் நாள் அவளை வரிசையில் முதலில் நிறுத்தினேன். மூன்றாம் நாள் மூன்று நிமிடத்துக்குப் பதில் ஆறு நிமிடம் பேச விட்டேன்.

பக்கத்தில் நின்றதால் சதாசிவத்தின் குரலும் எனக்குக் கேட்டது. அவ்வளவு இதமான குரல்.

"சாமி, சாப்புட்டியா? நல்லாருக்கியா?"

"நல்லாருக்கேனுங் பெரியப்பா."

"போறப்ப மோட்டார் சுவிட்ச அணைக்கச் சொன்னனே, அணைச்சியா?"

சுபி போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"சரி உடு. வந்தப்புறம் பேசிக்கலாம் சாமி."

அடுத்த நாள் சுபி தன் ரிப்பனைத் தொலைத்த செய்தி. "சரி சாமி, வந்தப்புறம் பேசிக்கலாம்." இப்படிக் கோபமே படாத பெரியப்பா யாருக்குக் கிடைப்பார் என்று நினைத்தேன்.

நான்காம் நாள் சமையல்கார ஹனீபா அண்ணன் என்னைத் தேடி வந்தார். சேலத்துக்காரர். முகாம் தொடங்கிய வருடத்திலிருந்து எங்கள் அடுப்பு அவருடையது.

"மிஸ், அந்தக் குமாரபாளையத்துப் புள்ள சாயங்காலமானா அடுப்படிக்கு வந்துருது. எல்லாப் புள்ளைங்களும் போனுக்கு ஓடுதுங்க, இது மட்டும் வெங்காயம் உரிக்கிறேன்னு எங்கிட்ட ஓடியாருது."

"வீட்டு நெனப்பு அண்ணா. பலகையில பாத்துட்டுத்தான் இருக்கேன். செவப்பா இருக்கு."

"எனக்குப் பலகையெல்லாம் தெரியாது மிஸ். வெங்காயம் தெரியும். கத்தி படுறதுக்கு முன்னாடியே அதுக்குக் கண்ணுல தண்ணி வந்துருது. ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்."

"கேக்கக் கூடாதுன்னு விதி இருக்குல்ல அண்ணா? கேட்டா அதிகமாயிரும். நீங்க ஏதாவது கேட்டீங்களா?"

"கேக்கல மிஸ்." அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வெங்காயம் குடுத்தேன். வேற என்னத்தக் குடுக்க?"

ஆறாம் நாள் காலை, என் விதிப்படி, சுபியைக் கூப்பிட்டு நல்ல செய்தி சொல்வதுபோல் சொன்னேன். "கண்ணு, இன்னிக்கு உன்ன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அவள் அழவில்லை. தன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"மிஸ், காப்பு இன்னும் அவுக்கலீங்களே. எல்லை தாண்டக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல?"

நான் சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். "இது அந்தக் காப்பு இல்லடி கண்ணு, தாண்டலாம்."

"நான் இனிமே நல்லா இருக்கேன் மிஸ். மரம் ஏற மாட்டேன். கலெக்டரையும் விட்டுர்றேன்."

"அட, உன் மேல யாருக்குக் கோபம்? நீ ஒரு தப்பும் பண்ணல. பெரியப்பா காத்துக்கிட்டிருப்பாரு."

வண்டியில் அவள் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்தேன். காப்புக் கட்டிய கையை என் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டேன். அவள் ஜன்னல் வழியே பலகைகளைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். எழுபது, அறுபத்தொன்பது, அறுபத்தெட்டு. வீடு நெருங்குவதை ஆசையாக எண்ணுகிறாள் என்று எனக்கு மனம் நிறைந்தது. சதாசிவம் வாசலுக்கே வந்து கைகூப்பினார். "எங்க புள்ளைய மட்டுமுங்களா திருப்பி அனுப்பறீங்க?" என்று ஒரு முறை கேட்டார். முகம் சற்றே சுருங்கியது, அவ்வளவுதான். "இது தண்டனை இல்லைங்கண்ணா, அன்பு" என்றேன். அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது.

முகாம் முடிந்து ஒரு வாரம் கழித்து நிவேதன் வந்தான். மடிக்கணினியில் எல்லாக் குழந்தைகளின் கோடுகளையும் காட்டிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நிறுத்தினான்.

"மேடம், இது ஒரு தினுசா இருக்கு. நீங்க பாதியில அனுப்பின பொண்ணு. இறங்கின அன்னிக்கு எடுத்த கோடு."

கோடு படிக்கட்டுப்போல ஏறியது. ஒரு படி, சற்றே சமதளம், அடுத்த படி.

"வண்டி எங்கெங்க போச்சுன்னும் பதிவாகியிருக்கு. ஒப்பிட்டுப் பாத்தேன். ஒவ்வொரு படியும் ஒரு வளைவு. எழுபது படி இருக்கு." தலையைச் சொறிந்தான். "வீட்டு ஏக்கம்னா வீடு கிட்ட வர வர இறங்கணும்ல? இது ஏறுது. அடிவாரத்துல உச்சம்."

என் இரண்டு கைகளுக்குள் இருந்த அந்தச் சின்னக் கை நினைவுக்கு வந்தது.

"ஆனா இப்பப் பாருங்க" என்று அவன் அடுத்த பக்கத்துக்குப் போனான். "வீட்டுக்குப் போன மொத வாரம் நிறைய சிவப்பு. அப்புறம் குறையுது. கடைசி நாலு நாள் முழுக்கப் பச்சை. சரியாப் போச்சு மேடம். அவங்க பெரியப்பா போன்லயும் தினம் பாக்கறாராம். மஸ்கட்ல இருக்கற அம்மாவுக்கும் இதே ரிப்போர்ட் போகுது. சந்தோஷமா நன்றி எழுதியிருக்காங்க."

சரியாகப் போய்விட்டது என்று நானும் ஒத்துக்கொண்டேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதை, பச்சை என்ற ஒரு சொல்லால் மூடி வைத்தேன். அப்படியே எட்டு நாள். அந்த எட்டு நாள் பூசையில் என்ன வேண்டினேன் என்று ஒன்றும் ஞாபகமில்லை.

ஒன்பதாம் நாள் இறுதி அறிக்கை கையெழுத்துக்கு வந்தது. குமாரபாளையத்துப் பிள்ளைகள் நால்வருடையதும் ஒரே பக்கத்தில் இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு அங்கே பெரும் கோடை மழை. மாலை நான்கு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு எங்கோ இடி விழுந்திருக்கிறது. மூன்று கோடுகள் அந்த நிமிடத்தில் துள்ளிச் சிவந்திருந்தன. நான்காவது கோடு, சுபியின் கோடு, அளவுகோல் வைத்து இழுத்ததுபோலப் பச்சையாகக் கிடந்தது.

இடிக்குப் பயப்படாத பத்து வயதுக் குழந்தையைப் பதினாறு வருடத்தில் நான் பார்த்ததில்லை. அறிக்கையில் கையெழுத்துப் போடாமல் சாவிக் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

குமாரபாளையத்தில் தெருவெல்லாம் தறிச் சத்தம். சதாசிவம் வீட்டை ஒட்டியே நூல் குடோன். என்னைப் பார்த்ததும் அவர் உண்மையாகவே மகிழ்ந்தார். நாற்காலி போட்டு, காப்பி வரவழைத்து, போனை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"திருச்சிற்றம்பலம். பாருங்க தாயி. பன்னண்டு நாளா ஒரு பொட்டுச் செவப்பு இல்ல. நீங்க ஆவாதுன்னு திருப்பி அனுப்புன புள்ளைங்க இது."

"எப்படிங்கண்ணா?"

"பயங்கறது பழக்கமுங்க. நானும் முந்தியெல்லாம் ஏதாச்சும் தப்புப் பண்ணுனா அரை மணி நேரம் குடோன்ல உக்கார வெப்பேன். கண்டிக்கோணுமில்லீங்க? ஆனா மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு நமக்கு என்ன தெரியும்? இப்பத்தான் நீங்க வெளக்குக் குடுத்துட்டீங்களே!" பெருமையாகச் சிரித்தார். "செவப்பு வந்தா குடோனுக்குள்ள உக்காரணும். பச்சை ஆனாக் கதவு தொறக்கும். மொத நாள் நாலு மணி நேரம் ஆச்சுங்க. அப்புறம் மூணே நிமிசத்துக்கு வந்துச்சு. இப்ப உள்ள போற சோலியே இல்ல. ஒரு அடி அடிச்சதில்லீங்க, ஆண்டவன் சத்தியமா. அப்பன் இல்லாத புள்ள. நாளைக்கு ஒலகத்துல தனியா நிக்கோணும். தைரியம் வேணுமில்லீங்க?"

அவர் கண்ணில் வஞ்சகம் தேடினேன். இல்லை. பாசம்தான் இருந்தது. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது, ஏனென்றால் அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். மலை மேல் என் அறையில், அறுபது விளக்குகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளும் அப்படித்தான் பார்த்திருப்பாள்.

"சுபியத் தனியாப் பாக்கலாமுங்களா?"

"தாராளமா."

குடோன் வாசலில் நூல் மூட்டை மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எழுந்து நின்று, "வணக்கம் மிஸ்" என்றாள். இளைத்திருந்தாள். மணிக்கட்டில் நெல்மணி அளவுக்குப் பச்சை விளக்கு. நான் அவள் பக்கத்தில் மூட்டை மேல் உட்கார்ந்தேன். ஆறு நாளும் கேட்கக் கூடாது என்றிருந்ததைக் கேட்டேன்.

"சுபி, பயமா இருக்கா கண்ணு?"

அவள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "இல்ல மிஸ். பச்சை."

"நான் வெளக்கக் கேக்கல. உன்னைக் கேக்கறேன்."

நோட்டை மூடி வைத்தாள். பிறகு ரகசியம் போல, "செவப்பு வரப் போறது எனக்கு மொதல்லயே தெரியும் மிஸ். வயித்துல குறுகுறுங்கும். அப்ப உடனே எண்ண ஆரம்பிச்சுருவேன்" என்றாள்.

"என்ன எண்ணுவ?"

"வளைவு. கண்ண மூடிக்கிட்டு காரவள்ளியில வண்டி ஏறுவேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. அவசரமா எண்ணக் கூடாது, வண்டி மெதுவாத்தான போகும்? முப்பத்தஞ்சுல நிறுத்தித் தண்ணி குடிப்போமில்ல, நானும் குடிச்ச மாதிரி முழுங்கிக்குவேன். அறுவது தாண்டுனா குளுரும். எழுவது வந்துச்சுன்னா ஹனீபா மாமா வெங்காயம் வதக்கற வாசம் வரும் மிஸ். அப்பப் பச்சை ஆயிரும்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இடி இடிச்சப்பக்கூட எண்ணுனேன். தப்புங்களா?" என்றாள்.

கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியை எடுத்து அவள் காப்பை அவிழ்த்தேன். பட்டைக்கு அடியில் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அவள் அந்த வெறும் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். இனி எந்த விளக்கும் தன்னைப் பார்க்கவில்லை என்று புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும், தறிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கிற மாதிரி ஓவென்று அழுதாள்.

சதாசிவம் ஓடி வந்தார். "என்னாச்சு சாமி? என்ன பண்ணுனீங்க? பச்சையாத்தான இருந்துச்சு?"

"பச்சையாத்தான் இருந்துச்சுங்கண்ணா" என்றேன். "உள்ள நெருப்பு எரிஞ்சுட்டு இருந்துச்சு. நீங்க மட்டும் இல்ல, நானும் வெளக்கத்தான் பாத்தேன். வீட்டுக்கு ஏங்குதுன்னு நெனச்சு, எதைப் பாத்துப் பயந்துச்சோ அங்கயே கொண்டாந்து விட்டுட்டுப் போனவ நானு. மொத தப்பு என்னோடது."

"பயமுங்களா? என்னப் பாத்துங்களா?" அவர் குரல் உடைந்தது. "கருவியில கோளாறாத்தானுங்க இருக்கும்." என் கையிலிருந்த காப்பைப் பறித்துத் தன் மணிக்கட்டின் மேல் வைத்து அழுத்தினார்.

விளக்கு சிவந்தது.

மூவரும் அதைப் பார்த்தோம். அவர் அழுத்தி, எடுத்து, மறுபடியும் அழுத்திப் பார்த்தார். சிவப்பு மாறவில்லை. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, முதல் முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எண்ணிப் பாருங்க பெரியப்பா" என்றாள் மெதுவாக. "போயிரும்."

அவர் மூட்டை மேல் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அவர் அழுததைப் பார்த்துவிட்டு நான் திரும்பி வந்துவிடவில்லை. ஒரு மனிதரின் கண்ணீர் ஒரு குழந்தைக்குக் காவல் ஆகாது. அந்த நூல் மூட்டை மேல் உட்கார்ந்தபடியே குழந்தைகள் நல அதிகாரிக்கும் மஸ்கட்டுக்கும் போன் செய்தேன். நடந்ததில் என் பங்கையும் சேர்த்தே சொன்னேன். வளர்மதி முழுவதையும் கேட்டாள். கடைசியில், "தெனமும் டூட்டி முடிஞ்சதும் அந்தப் பச்சையப் பாத்துட்டுத்தானுங்க சாப்பிடவே உக்காருவேன்" என்றாள். அதற்கு அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

ஐந்து நாளில் வளர்மதி வந்து சேர்ந்தாள். அதுவரைக்கும் அதிகாரியின் ஏற்பாட்டில் சுபி ஈரோட்டில் ஒரு இல்லத்தில் இருந்தாள். தினமும் போய்ப் பார்த்தேன். ஒரு நாள் ஹனீபா அண்ணன் தானே பஸ் பிடித்து வந்து, ஒரு தூக்குவாளி நிறைய வெங்காயச் சட்னியும் ஆறிப்போன தோசையும் வைத்துவிட்டுப் போனார். இப்போது அம்மாவும் மகளும் ராசிபுரத்தில் இருக்கிறார்கள். சதாசிவம் குடோன் கதவைக் கழற்றிவிட்டார் என்று கேள்வி. மாதம் ஒரு முறை, வளர்மதி பக்கத்தில் இருக்க, அவர் போனில் பேசலாம். சுபிக்கு இஷ்டம் இருந்தால் பேசுவாள், இல்லாவிட்டால் இல்லை.

அறக்கட்டளைக் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். விலகிக்கொள்கிறேன் என்றேன். "போறது சுலபம் மிஸ். இருந்து சரிபண்ணுங்க" என்றார் தலைவர். ஓடைப் பக்கம் வழி தவறினால் கண்டுபிடிக்கக் காப்பு இன்னும் கட்டுகிறோம். நிறங்களை அணைத்துவிட்டோம். வீட்டு மணி அடிக்கும்போது பேசப் பிடிக்காத குழந்தைக்கு அடுப்படியில் உரிக்க எப்போதும் வெங்காயம் உண்டு. நிவேதன்கூட ஒரு நாள் வந்து ஹனீபா அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கூடை உரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது எந்த ரீடிங்லயும் வராது மேடம்" என்றான்.

சுவரில் ஒட்டிய விதியைக் கிழித்துப் போட்டேன். இப்போது தினமும் அறுபது குழந்தைகளிடமும் வாயால் கேட்கிறோம். கேட்டுவிட்டு, பதில் வரும் வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறோம். சில பதில்கள் வர மூன்று நாள் ஆகிறது.

போன கோடைக்கு சுபி மறுபடியும் வந்தாள். வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காரவள்ளியில் அம்மாவின் கையை விட்டுவிட்டு வண்டியில் ஏறி, எனக்கு முன் இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்ததும் அவள் உதடு அசைந்தது. மற்ற பிள்ளைகள் கத்தி எண்ண, அவள் மட்டும் சத்தமில்லாமல் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு எண்ணும் என் மேல் விழுந்துகொண்டே வந்தது.

முப்பத்தைந்தில் தண்ணீர் குடித்தோம். நாற்பத்து மூன்றாவது வளைவில் பக்கத்து இருக்கைக் குட்டி ஒருத்தி, "நீ இவ்ளோ நேரம் ஜன்னல்ல உக்காந்துட்ட, இப்ப என்னோட முறை" என்று இடித்தாள்.

"அஸ்கு! நான்தான் மொதல்ல வந்தேன்!"

"மிஸ், இவ எடம் குடுக்க மாட்டேங்கறா!"

"போடி தவக்களை!"

"நீதான்டி தவக்களை!"

சண்டை முற்றி, சமாதானமாகி, ஒரு ஜன்னலில் இரண்டு தலைகள் முட்டிக்கொண்டன. முட்டிக்கொண்டே என்னவோ சொல்லிச் சிரித்தார்கள். நாற்பத்து நான்காவது பலகை போயிற்று. நாற்பத்தைந்து போயிற்று. சுபி எண்ணவில்லை. மறந்துபோய்விட்டாள்.

மீதியை நான் எண்ணிக்கொண்டு வந்தேன்.